கதவு, நிலை, ஜன்னல் உட்பட

கோர்ட் அமீனா வீட்டை ஜப்தி செய்ய வந்த காலையில், தையல்காரி வாசல் நிலையின் இருபுறமும் கைகளை ஊன்றி வழிமறித்து நின்றாள். அந்தக் கைகள் அதன்பிறகு நிலையை விட்டு வரவேயில்லை. கை மரத்துப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். மத்தியானத்துக்குள் விரல் எது, தேக்கு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தம்பியின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு அவள் ஈடு வைத்த வீடு அது. தம்பி எப்போதோ கம்பி நீட்டிவிட்டான்.

அமீனா கெட்டவரில்லை. “கையை எடுத்துடுங்கம்மா. ஜப்தியைத் தடுத்தா ஜெயிலும்மா” என்று கெஞ்சத்தான் செய்தார். அவளும் எடுக்கத்தான் பார்த்தாள். கைது செய்ய வந்த போலீஸ்காரர் இழுத்துப் பார்த்துக் களைத்துப்போனார். அவள் ஆஜராகாததால் அந்த வழக்கு இன்றுவரை தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது.

புருஷன் ரம்பத்தோடு வந்தபோது அமீனா அவன் கையை மெதுவாகப் பிடித்தார். “அண்ணே, நிலையும் ஜப்தியில சேர்ந்தது. ரம்பத்தை வச்சா உங்க மேலயும் கேஸு. அப்புறம் பொண்ணை யாரு பார்த்துக்குவா?”

“கீழ வைங்க” என்றாள் தையல்காரி புருஷனிடம். அன்று மாலை சாமான்களெல்லாம் அவள் கைக்கு அடியில் வெளியே போயின. தையல் மெஷின் மட்டும் இடுப்பில் இடித்தது.

ஏலத்தில் விற்றபோது, பத்திரத்தில் வழக்கம்போல ‘கதவு, நிலை, ஜன்னல் உட்பட’ என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லில் அவளும் கைமாறினாள். புருஷனும் மகளும் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனார்கள். மகள் தினமும் வந்து தலைவாரிவிட்டாள். நாளாக ஆகப் பசி நின்றது. மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் உப்பினாள். வீட்டை வாங்கியவர் தங்கமான மனிதர். பெயின்ட் அடிக்கும்போதுகூட, “அக்கா, கண்ணை மூடிக்குங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அடித்தார்.

அதற்குப் பிறகு அமீனா எந்த வீட்டுக்குப் போனாலும் ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பல வருஷம் கழித்து, கல்யாணமாகிப்போன மகளின் வீட்டுக்கும் அவர் ஜப்திக்கு வந்தார். எல்லாம் போனபிறகு மகள் அம்மாவிடம் வந்து நின்றாள்.

“கையை எங்கயும் வைக்கலியே?”

“இல்லம்மா. கட்டிட்டுத்தான் நின்னேன்.”

தையல்காரி பெருமூச்சு விட்டாள். அது கிறீச்சென்று கேட்டது. வீட்டை வாங்கியவர் உள்ளேயிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தார்.