மூன்றாம் நம்பர் வெள்ளை

டெய்சிக்கு எதையும் சும்மா நம்புகிற வழக்கம் கிடையாது. பால்காரர் சத்தியம் செய்தாலும் நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பாள். அப்படிப்பட்டவள் பெயிண்ட் வாங்கக் கிளம்பினால் கேட்க வேண்டுமா?

முப்பத்திரண்டு வருடமாக நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவள். சில வருடங்களுக்கு ஒரு தடவை காண்ட்ராக்ட் ஆட்கள் வருவார்கள், கொண்டுவந்த மஞ்சளை அடித்துவிட்டுப் போவார்கள். உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது கணவர் ஜாஸ்பர் மே மாதம் ரிட்டையர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். குறிஞ்சிப்பாடி சாலையில் சொந்த வீடு பூச்சு முடிந்து நிற்கிறது. அது வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"நெய்வேலியில வெள்ளையா?" என்று சிரித்தார் ஜாஸ்பர். "வாசலே மைன்ஸைப் பார்த்து இருக்கு. ஒரே மாசத்துல கரித்தூசி படிஞ்சு காப்பி கலர் ஆயிடும். சாம்பல் கலர் அடிச்சா அழுக்கே தெரியாது."

"அழுக்கு தெரியாம இருக்கிறதும் இல்லாம இருக்கிறதும் ஒண்ணாங்க?"

பெயிண்டர் கொளஞ்சியப்பனைக் கேட்டால் அவர் ஒரே கம்பெனி பெயரைத்தான் சொன்னார். "அத்த அடிச்சிக்க ஆளே இல்லக்கா. இப்பக்கூட மூணு வூட்டுக்கு அதான் அடிச்சிக்கினு இருக்கேன்."

"டின்னுக்குள்ள பெயிண்டருக்குன்னு காசு டோக்கன் வைக்கிறாங்களாமே?"

கொளஞ்சியப்பன் தலையைச் சொறிந்தார். அப்போதே டெய்சி முடிவு செய்துவிட்டாள். வாசல் சுவரில் நாலு கட்டம், நாலு கம்பெனி, எல்லாம் வெள்ளை. எது எந்தக் கம்பெனி என்று அவளுக்கே தெரியக்கூடாது, விளம்பரம் மனதைக் கெடுத்துவிடும். கொளஞ்சியப்பன் அடித்து, கீழே நம்பர் போட்டு, பெயர்களை எழுதிக் கோயில் காணிக்கைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். கவர் அவளுடைய பைபிளுக்குள் போனது. அன்று சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்தோலை ஞாயிறு வரைக்கும் ஒரு கட்டமாவது வெள்ளையாகவே இருந்தால் வீடு வெள்ளை, இல்லையென்றால் சாம்பல். ஜாஸ்பரும் ஒப்புக்கொண்டார்.

தவக்காலம் முழுக்க டெய்சி சாயங்காலமானால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். வெள்ளைத் தாள் ஒன்றைக் கட்டத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பாள். பத்தாம் நாளே ஒன்றாம் நம்பர் மங்கிவிட்டது. இரண்டாம் நம்பர் பழுப்பேறியது. நாலாம் நம்பர் மோர் நிறத்துக்கு வந்தது. மூன்றாம் நம்பர் மட்டும் தாளுக்குப் போட்டியாக நின்றது. அப்படி என்னதான் கலந்திருக்கிறான் இதில்? தடவிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். கவரை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தாள், பிறகு தவக்காலத்தில் இது என்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை காலையில் இன்னொரு சந்தேகம் வந்தது. பனி ஈரத்தில் எது எப்படி இருக்கும்? ஆறரைக்கே கிளம்பிவிட்டாள்.

வாசலில் ஜாஸ்பரின் வண்டி நின்றது. நைட் ஷிஃப்ட் முடித்த யூனிஃபாரத்தோடு அவர் சுவர் முன்னால் குந்தி, ஈரத் துண்டால் மூன்றாம் கட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

ஜாஸ்பர் துண்டைப் பின்னால் மறைத்தார். "முத வாரத்துலேருந்து."

டெய்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டு நாள் அலைந்தது ஒரு ஈரத் துண்டை ஆராயத்தானா! "சாம்பல் கேட்டதே நீங்கதானே? அப்புறம் எதுக்கு எனக்காகத் திருட்டுத்தனம்? அதுலயும் ஏன் மூணு?"

"மூணுதான் குழாய்க்குப் பக்கம்," என்றார் அவர், பாவமாக.

சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரையே பார்த்தாள். யோக்கியமாகச் சொன்னால் அவள் தோற்றுவிட்டாள். துடைக்காத மற்ற கட்டங்கள் எல்லாமே அழுக்கு. ஆனால் துடைத்தது எப்படி இவ்வளவு வெள்ளையாக வந்தது? இத்தனை நாளும் அழுக்காகாத பெயிண்ட் எது என்றல்லவா கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. துடைத்தால் அழுக்கு போகிற பெயிண்ட் எது என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

"துண்டை அலசுங்க. மத்த மூணையும் ஒவ்வொரு இழுப்பு துடைங்க."

ஒன்றாம் நம்பரைத் துடைத்தார், கறை திட்டுத் திட்டாக நின்றது. இரண்டாம் நம்பரைத் துடைத்தார், அழுக்கோடு பெயிண்டும் மாவு மாவாகத் துண்டில் வந்தது. நாலாம் நம்பரைத் துடைத்தார். ஒரே இழுப்பு, அடித்த அன்று இருந்த மாதிரி பளிச்சென்று வந்தது. மூன்றாம் நம்பரில் இத்தனை நாளாகத் தேய்த்துத் தேய்த்து வாங்கிய வெள்ளையை நாலாம் நம்பர் சும்மாவே கொடுத்தது.

மறுநாள் குருத்தோலையோடு பூசை முடிந்து வந்து, புது வீட்டு வாசலில் கொளஞ்சியப்பன் முன்னால் கவரைப் பிரித்தாள். நாலாம் நம்பர், பண்ருட்டிக் கடையில் யாரும் கேட்காமல் மேல்தட்டில் கிடந்த கம்பெனி. மாவாக வந்த இரண்டாம் நம்பர் டோக்கன் கம்பெனி. கொளஞ்சியப்பன் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

"நாலாம் நம்பரே வாங்கிடலாம்க்கா. ஆனா சாரு ஜெயிச்சிட்டாரே, சாம்பல் கலர்தானங்க?"

பந்தயம் பந்தயம்தான். டெய்சி மனசில்லாமல் தலையாட்டப் போனாள்.

"வெள்ளையே அடிப்பா," என்றார் ஜாஸ்பர்.

டெய்சி திரும்பிப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டு வருஷமா கன்வேயர் பெல்ட்ல நிலக்கரி ஏத்தி அனுப்பினது நான். சட்டையிலயும் கொண்டாந்தேன். தோய்க்கிற தண்ணி கறுப்பா ஓடுறதைப் பார்த்துக்கிட்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை நீ. அழுக்கே தெரியாத கலரா அடிச்சா இங்கேயாவது உனக்குக் கஷ்டம் இருக்காதுன்னுதான் சாம்பல் கேட்டேன், ஆனா நீ ஆசைப்பட்டது வெள்ளையாச்சே." அவர் குழாயடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இனிமே துடைக்கிறது என் டூட்டி."

டெய்சிக்குக் கண் கலங்கிவிட்டது. கொளஞ்சியப்பன் பார்த்துவிடக் கூடாதே என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எந்த ஷிஃப்ட்?" என்று மட்டும் கேட்டாள்.