காபிக் கம்பெனி துக்கம் விசாரித்த கதை

மாமா அன்செல்மோவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. சமைக்க விட்டால் கருக்குவேன், ஜெபம் சொல்ல விட்டால் பக்கத்திலிருப்பவரைச் சிரிக்க வைப்பேன். அதனால் குடும்பம் கூடிப் பேசி எடுத்த முடிவு இது.

போனுக்குள் மெல்கோரா இருந்தாள். மாமாவின் ஒரே மகள். தோஹாவில் ஒரு வீட்டில் வேலை. லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் அடக்கம். அப்போது அங்கே விடிந்திருக்காது, அவள் போன் வீட்டம்மாவின் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். ஆகவே, வீட்டம்மா கடைக்குப் போயிருந்த அந்த நேரம்தான் அவள் அப்பாவைக் கடைசியாகப் பார்க்கக் கிடைத்தது.

சரியாக அப்போதுதான் காபிக் கம்பெனி வந்து இறங்கியது.

மணிலாவிலிருந்து எங்கள் ஊர் லிபா வரைக்கும் வேன் போட்டு வந்திருந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் விளம்பரம் எடுக்கும் கேமரா, வட்ட விளக்கு, அட்டைப்பெட்டி நிறைய காபிப் பாக்கெட், ஒரு பேனர். பேனரில் மாமாவின் பெயர் எறும்பு அளவு, காபிப் பாக்கெட் கதவு அளவு. தேர்தல் நேரத்து மேயர்கூட இறந்தவர் பெயரை இதைவிடப் பெரிதாகப் போடுவார்.

துக்கத்துக்கு வந்தவர்களைப் போகச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. மாமாவின் மனைவி, டீட்டா பாசிங், அதாவது பாசிங் அத்தை, நாற்காலி போடச் சொன்னார்.

"எங்க வீடு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று அவர்களின் தலைவியைக் கேட்டேன். ட்ரிக்ஸியா என்று பெயர், சின்னப் பெண். குயா, அதாவது அண்ணா, என்றுதான் என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்க ஃபேஸ்புக்ல லைவ் போட்டீங்கல்ல குயா? இரங்கல், மகள், வெளிநாடு, மூணும் ஒரே பக்கத்துல வந்தா எங்க மெஷின் காட்டிக்குடுத்துடும். நம்ம ஜனங்க சாவு வீட்டுலதான் நெறைய காபி குடிக்கிறாங்க. அழுகை வந்தா உடனே ஷேர் பண்றாங்க. ரிசர்ச் பண்ணிருக்கோம்."

நல்ல ரிசர்ச். எங்களை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஒரு கப் காபியும் ரெண்டு சொட்டுக் கண்ணீரும் இருந்திருக்கின்றன. கூட ஏதாவது இருக்கும் என்று நான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்க் காபி கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலை அவர்களில் ஒருவன் பெஞ்சுக்கு அடியில் ஒளித்தான். இன்னொருவன், "குயா, உங்க வயிறு ஃபிரேம்ல வருது" என்றான்.

"அது எப்பவும் எனக்கு முன்னாடியே போயிடும்பா. நீயே அதுகிட்ட சொல்லிப் பாரு."

சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த போனை வாங்கி ஒரு ஸ்டாண்டில் மாட்டினான். அதற்கு எதிரே ஆவி பறக்க ஒரு கப்.

"குயா, அப்பா எங்க? எனக்கு ஒரு கப்புதான் தெரியுது" என்றது போன்.

"ஒரே நிமிஷம் மேம்" என்றாள் ட்ரிக்ஸியா. "'அப்பா, கடைசியா ஒரு காபி குடிப்போமா'ன்னு மட்டும் சொல்லுங்க."

"நீங்க யாரு? அப்பாவைக் காட்டுங்க... வீட்டம்மா வந்துடுவாங்க..." மெல்கோராவுக்கு அழுகை வந்துவிட்டது.

"சூப்பர் மேம்! அதே மாதிரி இன்னொரு தடவை. கப்பைப் பார்த்து."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. எந்தக் கெட்ட வார்த்தையில் ஆரம்பிக்கலாம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் டீட்டா எழுந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு புன்னகை.

"வேலை முடிஞ்சுதாம்மா? வாங்க, கேட் வரைக்கும் வந்து உங்களை வழியனுப்பிட்டு வரேன்."

சவத்துக்குக் காவலாக விழித்திருந்து சீட்டாடிக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. சாவு வீட்டில் வந்தவர்களை வீட்டுக்காரர் வழியனுப்பவே கூடாது. அனுப்பினால் சாவும் அவர்கள் கூடவே அவர்கள் வீட்டுக்குப் போகும். இது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், மணிலாக்காரிக்கும் தெரியும்.

ட்ரிக்ஸியா வெளிறிப்போனாள். "ஐயோ, வேணாம் டீட்டா! உக்காருங்க, ப்ளீஸ்! எங்கம்மாவுக்கு ஏற்கெனவே சுகர்!"

"இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. மரியாதைன்னு ஒண்ணு வேணாமா?" டீட்டா ஓரடி வைத்தார்.

விளக்கை அணைக்காமலேயே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பேனர் மட்டும் தொங்கியது. கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் டீட்டா நின்றுவிட்டார். "அவங்கம்மா என்ன பண்ணுவா, பாவம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

நான் போனைப் பிடுங்கிக்கொண்டு பெட்டியருகே ஓடினேன். மெல்கோரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "அம்மா நெஜமாவே எழுந்தாங்களா குயா?"

மாமாவின் முகம் திரையில் சரியாக விழுவதற்குள் அங்கே கார் ஹாரன் கேட்டது. அவளுடைய நேரம் முழுவதையும் அந்தக் கப் குடித்துவிட்டிருந்தது. ஆராய்ச்சிக்காரர்களே, இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

"வந்துட்டாங்க" என்றவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. போனை எங்கேயோ மேலே செருகிவைத்தாள். எனக்கு ஒரு சமையலறைக் கூரையும் ஒரு டியூப் லைட்டும் தெரிந்தன. தண்ணீர் விழும் சத்தம், தட்டுகள் மோதும் சத்தம். நடுவில், தாழ்ந்த குரலில்:

"அப்பா, சாப்ட்டீங்களா?"

டீட்டா பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனைப் பார்த்து அதட்டினார்.

"எல்லாம் சாப்ட்டாரு. நீ கிளாஸைக் கீழ போட்டுடாதடி."