ஆக்டோபஸ் கேப்டன் பிழைத்த கதை

“மெதுவா சாய்ங்க, அம்மா சறுக்கிடப்போறா!” என்று மிரேயா கத்தினாள்.

வல்பரைசோ துறைமுக நகரத்து மலைச்சரிவின் ஒடுங்கிய படிக்கட்டு வளைவில் சவப்பெட்டி திரும்ப மறுத்தது. முன்பக்கம் தாங்கியிருந்த மீன்கடைக்கார லிசார்தோவுக்கு மூச்சு வாங்கியது.

“உங்கம்மாவுக்கு ஊரைவிட்டுக் கிளம்புறதுன்னாலே பிடிக்காதே மிரேயா.”

“எழுதுற நாவல்ல மட்டும் வியாழன் கிரகம் வரைக்கும் போவா.”

தூக்கியவர்கள் சிரித்த சிரிப்பில் பெட்டி குலுங்கி, தானாகவே வளைவில் திரும்பிவிட்டது.

அம்மா ஓர்த்தென்சியா தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டே எழுத ஆரம்பித்தவள். முதலில் பெரியவர்களுக்கான விண்வெளி நாவல்கள். விமரிசகர்கள் புகழ்ந்தார்கள், யாரும் வாங்கவில்லை. பிறகு, விண்கலம் ஓட்டும் ஆக்டோபஸ் கேப்டனைப் பற்றிக் குழந்தைகளுக்கு எழுதினாள். குழந்தைகள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். விமரிசகர்கள் வாயே திறக்கவில்லை. எல்லாவற்றையும் முதலில் படிப்பவள், பள்ளியில் இயற்பியல் நடத்தும் மிரேயாதான்.

“செவ்வாயில கடலே கிடையாதும்மா!”

“உன் செவ்வாயில இல்ல. டீ ஆறுது, குடி.”

முந்தாநாள் மாலையும் இதே சண்டைதான். நேற்றுக் காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை.

படிக்கட்டு முடியும் சின்னச் சதுக்கத்தில் சவ வண்டி உறுமிக்கொண்டிருந்தது. எழுத்தாளர் சங்கத் தலைவர் தோன் ஏவரிஸ்தோ இரங்கல் உரையோடு நின்றார். அவரைச் சுற்றிலும், விண்வெளி வீரர்களைப் போல வெள்ளித்தாள் தலைக்கவசம் மாட்டிய பிள்ளைகள்.

“ஐயா, பிள்ளைங்க புத்தகத்தையும் சொல்வீங்கல்ல?” என்று கேட்டாள் மிரேயா.

“ஆக்டோபஸ் எல்லாம் இப்ப எதுக்கும்மா? கனமான எழுத்தாளரா அனுப்பி வைப்போம்.”

“கனந்தான் ஐயா. தூக்கிட்டு வந்தவன் சொல்றேன்,” என்றார் லிசார்தோ.

ஏவரிஸ்தோ தொண்டையைச் செருமுவதற்குள், ருஃபினா என்ற வாண்டு மிரேயாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

“அத்தை, கேப்டன் கருந்துளைக்குள்ள விழுந்ததோட போன புத்தகம் முடிஞ்சிருச்சு. அடுத்தது வராதா?”

“வராதுடா கண்ணு.”

“அப்ப அவரும் செத்துட்டாரா?”

பிள்ளைகள் அத்தனை பேரும் மிரேயாவைப் பார்த்தார்கள். கருந்துளைக்குள் விழுந்தது எதுவும் திரும்பாது. வருடா வருடம் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுபவள் அவள். ருஃபினாவின் கண்கள் நிரம்பிக்கொண்டு வந்தன.

“சாகல,” என்றாள் மிரேயா. தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது.

“பின்ன?”

“உள்ள ஒரே இருட்டு. ஆக்டோபஸுக்கு இருட்டு என்ன புதுசா? எல்லாக் கையாலயும் துழாவினாரு. ஏதோ வழவழன்னு தட்டுப்பட்டுச்சு…”

“என்னது அது?”

“இரு, யோசிக்க விடு.”

அவள் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். தலைக்கவசங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நெருங்கின. தோன் ஏவரிஸ்தோ உரையை மடித்துச் சட்டைப்பையில் செருகிவிட்டு, உட்கார இடம் தேடினார். சவ வண்டி ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.