காது இரண்டும் நலம்

பதக்க ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அட்டையே பழுப்பேறிப் போயிருந்தது. கால் போனவனும் இடுப்பு உடைந்தவனும் வந்து போகிற ஆபீஸை மாடியில் கொண்டுபோய் வைத்த மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்திக்கொண்டே பீரங்கி படியேறினார்.

பீரங்கி என்பது பட்டாளத்தில் விழுந்த பேர். அந்தப் படையில் எல்லாரும்தான் பீரங்கி சுட்டார்கள். இவருக்கு மட்டும் அது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வாய். ரகசியம் பேசினாலே அடுத்த தெருக்காரன் ஜன்னலைத் திறந்து பார்ப்பான். தன் குரல் தனக்கே கேட்காதவன் வேறு எப்படிப் பேசுவான்? அது அப்போது ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

அந்த ஒருத்தன் பின்னால் வந்துகொண்டிருந்தான். காலை அகட்டி அகட்டி நடப்பதால் அவன் வாத்து.

பீரங்கி திரும்பிப் பார்த்து, "டேய் வாத்து, உசுரு இருக்கா?" என்றார்.

"பாதி இருக்கு. மீதிய ரெண்டாவது மாடியில வச்சுட்டு வந்திருக்கேன். எறங்கறப்ப எடுத்துக்கலாம்."

அவனுக்கும் பின்னால் பீரங்கியின் மகள். வலது காலை ஒரு படியில் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, இடது காலை இழுத்து அதே படியில் சேர்த்து, பிறகுதான் அடுத்த படி. நாற்பத்தாறு வயசில் அவள் ஏறுகிற இந்த ஏற்றத்தைத்தான் நாலு வயசிலும் ஏறினாள். பீரங்கி எப்போதும் அவளுக்கு முன்னால் ஏறிவிடுவார். பின்னால் வந்தால் பார்க்க வேண்டியிருக்கும்.

காது மந்தமான மனுதாரர் துணைக்கு ஆள் கூட்டி வர வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அதனால்தான் அவள் வந்தாள். போரில் காது போனதற்குக் காயப் பதக்கம் கேட்டு இது மூன்றாவது மனு. இதற்கு மேல் மனு கிடையாது என்றும் அதிலேயே போட்டிருந்தது. முதல் தடவை, ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை என்று தள்ளினார்கள். இரண்டாவது தடவை, பட்டாளத்தை விட்ட பிறகு இருபது வருஷம் மாவு மில்லில் வேலை பார்த்திருக்கிறீர்கள், காது அங்கேதான் போயிருக்கும் என்றார்கள்.

மில் பாவம். அது என்ன செய்யும்? மில்லில் சேரும்போது போவதற்குக் காதில் மிச்சமே இல்லை.

போனது போர்முனையில். இரண்டு நாள் ஓயாமல் சுட்டார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் எதிரி குண்டு ஒன்று பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது. எழுந்து பார்த்தால் உலகம் வாயை அசைக்கிறது, சத்தம் வரவில்லை. இரண்டு காதிலும் ரத்தம். குழல் துடைக்கிற பஞ்சை வாத்துதான் பிய்த்து அடைத்தான். அதோடு மறுபடி சுடப் போனார்கள். வைத்தியக் கூடாரம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் போகவில்லை. போகக் கூடாது. அதுதான் அவர்கள் குழுவின் சட்டம். ஒரு பீரங்கிக்கு ஆறு பேர். அதில் ஒருத்தனை உடல் தகுதி இல்லை என்று தரம் இறக்கினால் மிச்சம் ஐந்து பேரையும் பிரித்து ஐந்து பீரங்கிக்கு அனுப்பிவிடுவார்கள். முன்பின் தெரியாதவனோடு நின்றால் அவன் கை எப்போது எங்கே இருக்கும் என்று தெரியாது. ஆறு பேருக்குப் பழகின கைதான் ஆறு பேருக்கும் உசுரு.

ஆகவே வருஷா வருஷம் நடக்கிற காதுச் சோதனையிலும் பீரங்கி தேறியே ஆக வேண்டும். டாக்டர் முதுகுக்குப் பின்னால் இருபதடி தள்ளி நின்று மெதுவாகப் பத்துத் தடவை ஓர் எண் சொல்வார். இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரே தன் முறைக்குக் காத்து நிற்கிற வரிசையில் வாத்து நிற்பான். கை இடுப்பு பெல்ட்டில் இருக்கும். எத்தனை விரல் நீள்கிறதோ அதுதான் எண். டாக்டர் முத்திரை குத்துவார்: காது இரண்டும் நலம். இப்படி ஐந்து வருஷம், ஐந்து முத்திரை.

நடுவில் ஒரு விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோதுதான் அது நடந்தது. பெண்டாட்டி வேலைக்குப் போயிருந்தாள். பீரங்கி முன்னறையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து பூட்ஸுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தார். கொல்லைப் பக்கம் தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து நாலு வயசுப் பெண் விழுந்தாள். அப்பா, அப்பா என்று ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி சுவர் ஏறிக் குதித்து வந்துதான் தூக்கினாள். எலும்பு கோணலாய்க் கூடிவிட்டது.

"பத்தடி தூரம். கேட்டும் கேக்காத மாதிரி உக்காந்திருந்தாரு மனுஷன்." பெண்டாட்டி இதைச் சாகிற வரைக்கும் சொன்னாள். அவள் அண்ணனுக்கு ராணுவத் துணிக் கிடங்கில் வேலை. அவன் காதில் விழுந்தால் படைக்கே தெரிந்துவிடும். அதனால் பீரங்கி அப்போது வாயைத் திறக்கவில்லை. பட்டாளத்தை விட்டு வந்த பிறகு சொன்னார். அவள் பேசாமல் போய் அலமாரியிலிருந்து பணிப் புத்தகத்தை எடுத்து வந்து ஐந்து முத்திரையையும் விரித்துக் காட்டினாள்.

"அஞ்சு வருஷம் டாக்டரையே ஏமாத்தினீங்களா? எப்படி?"

எப்படி என்று சொன்னால் வாத்தின் பேரைச் சொல்ல வேண்டும். குழுச் சட்டம் பெண்டாட்டிக்கும் பொருந்தும். பீரங்கி சொல்லவில்லை. மகள் இந்தப் பேச்சை ஒரு நாளும் எடுத்ததில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

காயப் பதக்கத்தோடு ஒரு தாள் தருவார்கள். அதில் காயம் பட்ட தேதி இருக்கும். அவள் விழுவதற்கு ஒண்ணரை வருஷம் முந்தின தேதி. அந்த ஒரு வரிதான் பீரங்கிக்கு வேண்டும். வெள்ளித் துண்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது மாடி நடையில் பெஞ்சு கிடந்தது. மகள் கவுண்டரில் டோக்கன் வாங்கப் போனாள். வாத்து மூச்சு வாங்கிக்கொண்டே தன் முகத்தைப் பீரங்கியின் முகத்துக்கு நேரே கொண்டுவந்தான்.

"டெஸ்ட்டப் பத்திக் கேட்டா என்னடா சொல்றது?"

"கேக்க மாட்டானுங்க."

"கேட்டா?"

"நீ ரத்தத்தப் பத்தி மட்டும் சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்."

"நான் சொல்லிடறேன்டா. எனக்கென்ன, எண்பதாகப் போகுது."

"உனக்கு ஒண்ணுமில்ல. உன் கையெழுத்துக்கு?"

வாத்துதான் பழைய படைவீரர் சங்கச் செயலாளர். செத்துப்போன ஆட்களின் பெண்டாட்டிமார் நாற்பது பேருக்கு, 'இவர் இன்னாருடைய மனைவி, எனக்கு நேரில் தெரியும்' என்று சாட்சிக் கையெழுத்து போட்டவன். அதை வைத்துத்தான் அவர்களுக்குப் பென்ஷன் ஓடுகிறது. ராணுவப் பதிவில் பொய் எழுத வைத்தவன் என்று அவன்மேல் ஒரு வரி விழுந்தால் நாற்பது கோப்புகளையும் திரும்ப எடுப்பார்கள். எடுத்தால் எப்போது வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? பீரங்கிக்கு ஆபீஸ்களைத் தெரியும்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர், மழுமழுவென்று சவரம் செய்த முகம். பக்கத்தில் ஒரு டாக்டரம்மா. ஓரத்தில் தட்டச்சுக்காரர், மீசை வாயை மூடியிருந்தது, படிக்க முடியாத வாய். ஜன்னல்கள் எல்லாம் ஆணி அடித்துச் சாத்தியிருந்தன. மகள் ஒவ்வொரு கேள்வியையும் அப்பா பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். அவள் சொல்வதற்கு முன்பே தலைவரின் உதட்டிலிருந்து பீரங்கி எடுத்துவிட்டார். ஆனாலும் அவள் சொல்லும்வரை காத்திருந்து பதில் சொன்னார். உதடு படிப்பதை அவர் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. கையில் இருக்கும் சீட்டை எவனாவது காட்டுவானா?

வாத்து ரத்தத்தைப் பற்றிச் சொன்னான். நன்றாகவே சொன்னான். பஞ்சு எந்த நிறத்தில் வெளியே வந்தது என்பது வரைக்கும் சொன்னான். தலைவர் பணிப் புத்தகத்தைப் புரட்டினார். டாக்டரம்மா பக்கம் சாய்ந்தார். உதடு லேசாக அசைந்தது.

*கிழவனுக்குக் காது சுத்தமா போயிருச்சு, பொய் சொல்லல. பாவம். ஆனா புத்தகத்துல இல்லையே, என்ன பண்றது?*

நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு அதிகாரி வாயிலிருந்து வந்திருக்கிறது. பீரங்கி எழுந்தே விட்டார்.

"ஐயா, இப்ப நீங்களே சொன்னீங்க! நான் பொய் சொல்லலன்னு சொன்னீங்க! அத எழுதுங்க!"

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்கே அது கேட்டிருக்கவில்லை.

"நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார் தலைவர்.

தட்டச்சுக்காரரின் விரல்கள் ஓட ஆரம்பித்தன. பீரங்கி வாயை மூடினார். எந்த வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோமோ அதைத் திறந்தாகிவிட்டது.

"கேக்கல. பாத்தேன்."

டாக்டரம்மா கோப்பு ஒன்றை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். கண் மட்டும் தெரிந்தது. பீரங்கி அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பு கீழே இறங்கியது.

"உக்காருங்கன்னு மூணு தடவ சொன்னேன். இன்னும் நிக்கறீங்க." அந்தம்மா நிதானமாக, உதடு தெளிவாகத் தெரியும்படி பேசினார். "இப்படிப் படிக்கறது ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல வராது. நான் நம்பறேன் ஐயா. மில்லுக்கு முன்னாடியே போயிருச்சுன்னும் நம்பறேன். ஆனா சோதனை முதுகுப் பக்கத்துல இருந்து நடந்தது. அங்க உதடு தெரியாது. அஞ்சு தடவ எப்படித் தேறினீங்க?"

"குத்துமதிப்பா சொன்னேன்."

"ஒரு சோதனைக்குப் பத்து எண். அஞ்சு வருஷத்துக்கு அம்பது. அம்பதும் சரியா சொல்லியிருக்கீங்க."

பீரங்கி ஓரக்கண்ணால் வாத்தைப் பார்த்தார். மடப்பயல். ஒரு வருஷமாவது ஒரு விரலைத் தப்பாகக் காட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? ஒழுங்கான காது உள்ளவன்கூட ஒன்றிரண்டைக் கோட்டை விடுவான். செய்கிற வேலையில் குறை வைக்க மாட்டேன் என்று இரண்டு பேருக்கும் அப்போது அவ்வளவு திமிர்.

"யாரோ உதவி பண்ணியிருக்காங்க. அது யாருன்னு சொல்லுங்க. பதிவுல தப்பு இருக்குன்னு எழுதிட்டா உங்க பக்கம் தீர்ப்பு எழுத எனக்குத் தடையே இல்ல. பேரச் சொல்லாம என்னால எழுத முடியாது."

மகள் இதைத் திருப்பிச் சொல்லவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தின் பின்பக்கம் நாற்காலியை விட்டு நாலு விரல் உயர்ந்தது. கைகளை மேசையில் ஊன்றிவிட்டான். வாய் திறக்கப் போகிறது.

"யாரும் இல்ல. அப்பக் கேட்டுச்சு," என்றார் பீரங்கி. கட்டிடமே அதிர்ந்திருக்கும்.

"நிஜமாவா?" என்றார் டாக்டரம்மா.

"நல்லாக் கேட்டுச்சு. அஞ்சு வருஷமும் கேட்டுச்சு. காது மில்லுலதான் போச்சு."

மகள் மெதுவாக முதுகை நாற்காலியில் சாய்த்தாள். வாத்து ஊன்றிய கையோடு அப்படியே நின்றான், உட்காரவும் தெரியாமல், நிமிரவும் தெரியாமல்.

தட்டச்சுக்காரர் தாளை உருவி எடுத்துத் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார். அவர் என்ன வாசித்தார் என்பது பீரங்கிக்குத் தெரியாது. அடியில் விரலை வைத்துக் காட்டிய வரியை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தார்: 'மேற்கண்டது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. காதால் கேட்டு, சரியென ஒப்புக்கொள்கிறேன்.' அதன்கீழ் கையெழுத்துப் போட்டார். பேனா எழுதவில்லை. வேறு பேனா கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் வாத்து சட்டையைப் பிடித்தான். "ஏன்டா? ஏன்டா இப்படிப் பண்ண? நான் சொல்லியிருப்பேன்டா!" கண்ணிலிருந்து ஒழுகியது.

"மூக்கத் தொடைச்சுட்டு வா. நாற்பது பொம்பளைங்க சாபத்த நான் வாங்கணுமா?"

இந்தத் தடவை மகள் முன்னால் இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். வாத்து வெகு பின்னால் கைப்பிடியைத் தடவிக்கொண்டு வந்தான். அவள் இரண்டு படி கீழே, அவருக்கு நேர் எதிரே, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் வேண்டுமென்றேதான் அப்படி நின்றாள்.

"அப்பா. அன்னைக்கு நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. நாற்பத்திரண்டு வருஷம் காத்திருந்த கேள்வி, அவ்வளவு சுத்தமாக அந்த உதட்டில் வந்தது. கேட்கவில்லை என்று சொன்னால், இப்போதுதானே கேட்டது என்று கையெழுத்துப் போட்டீர்கள் என்பாள். அது பொய் என்று சொன்னால், எப்படிப் பொய் என்பாள். அந்த 'எப்படி'க்குப் பதிலானவன் மேலே படியில் மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்கி வருகிறான்.

பீரங்கி கையைக் குவித்துக் காதோரம் வைத்தார். குனிந்தார்.

"என்னம்மா சொல்ற? சத்தமா சொல்லு."

அவள் கைப்பிடியைப் பிடித்து, திரும்பி, இடது காலைக் கீழ்ப்படியில் இறக்கினாள்.

"ஒண்ணுமில்லப்பா," என்றாள், திரும்பியபடியே. அதில் பாதி உதடுதான் அவருக்குத் தெரிந்தது.