புத்தகத்து ஊர்

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போதுதான், தட்சணாமூர்த்தி வாசலில் நிற்பதைத் திரௌபதி பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ள வாங்க மாமா."

"இருக்கட்டும்மா. ராமதாச கூப்பிடு."

அவள் கணவன் பின்பக்கம் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தான்.

"என்கிட்டயே சொல்லுங்க."

அவர் துண்டைத் தோள் மாற்றிப் போட்டார். "காலைல ஊர்க் கூட்டம் போட்டாங்க. சுனாமில சுடுகாடு பாதி கரைஞ்சு போச்சுல்ல. மிச்ச எடம் பழைய குடிங்களுக்கே பத்தாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க."

அப்பா தெய்வசிகாமணி ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது அறுபத்தைந்தில். அவரோடு வந்த பதினெட்டுக் குடும்பங்கள்தான் ஊருக்குக் கிழக்கே முள்ளை வெட்டி, களிமண்ணை மிதித்து உப்புப் பாத்தி கட்டின. நாற்பது வருஷம் கழித்தும் அவர் பெயர் பர்மாக்காரர்தான்.

போன சித்திரையில் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஊர் வரலாறு என்று ஒரு புத்தகம் போட்டார்கள். எழுதியவர் ரிட்டயர்டு வாத்தியார் தட்சணாமூர்த்தி. பத்து நாள் இதே வீட்டில் உட்கார்ந்து, திரௌபதி போட்ட டீயைக் குடித்தபடி அப்பாவைக் கேட்டுக் கேட்டு எழுதினார். 'வந்தவர் என்று இங்கு யாருமில்லை, எல்லோரும் இம்மண்ணின் பிள்ளைகளே' என்ற வரியை மேடையில் அவரே படித்தார். முன்வரிசையில் இருந்த அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"எல்லாரும் ஊர்ப் பிள்ளைங்கன்னு எழுதினது நீங்கதானே மாமா?"

"அது புத்தகம்மா."

"கூட்டத்துல என்ன சொன்னீங்க?"

அவர் பூமாலை வந்துவிட்டதா என்று பார்ப்பவர்போல மரக்காணம் ரோட்டைப் பார்த்தார்.

"கையெழுத்து போட்டீங்களா?"

"எல்லாரும் போட்டாங்க."

கால்வாய்க் கரைப் புறம்போக்கில் எரித்துவிடலாம் என்றான் ராமதாஸ். மதியம் பாடையைத் தூக்கும் நேரத்தில், தட்சணாமூர்த்தி செருப்பை விட்டுவிட்டு வந்து தோள் கொடுக்கக் குனிந்தார்.

"நீங்க வேணாம் சார்" என்றாள் திரௌபதி.

ராமதாஸின் தம்பி அந்த இடத்துக்கு வந்தான்.

தெருமுனைவரை போய்த் திரும்பிய பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். தட்சணாமூர்த்தி வீட்டிலிருந்து சோறும் பருப்புக் குழம்பும் வந்திருந்தன. பிள்ளைகள் பசியில் தட்டோடு வந்து நின்றார்கள். திரௌபதி பரிமாறினாள்.

"நீயும் சாப்பிடும்மா" என்றாள் மகள் மலர்கொடி.

"நீ சாப்பிடு."

ஈரத் தலையோடு வெளியே வந்து நின்றாள். கடற்காற்று கிளம்பியிருந்தது. கால்வாய்ப் பக்கம் எழுந்த புகை மேலே போகாமல் தாழ்ந்து, மெல்ல ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது.