யூதாசின் நாற்காலி

1986 மார்ச் 27, பெரிய வியாழன். தேவிபட்டினத்துக்கும் உப்பூருக்கும் இடையே கடலோரத்தில் உள்ள ஒரு கத்தோலிக்கக் கோயிலில், இயேசு தன் சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்துச் செய்யும் சடங்குக்குப் போட்டிருந்த பன்னிரண்டு நாற்காலிகளில் பதினொன்றில் ஆள் இருந்தது.

பன்னிரண்டாவது, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் நாற்காலி என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்தது. வந்த சாமியார்கள் எல்லாரும் மறுத்துப் பார்த்தார்கள், ஊர் கேட்கவில்லை. ஆண்டுதோறும் அதற்கு ஆள் பிடிப்பது கோயில்பிள்ளை அருளானந்தின் தலையெழுத்து. இருபத்திரண்டு ஆண்டுகளாக மணி அடித்து, பீடம் துடைத்து, பாட்டு எடுத்துக்கொடுப்பவர் அவர்.

"நான் ஏன்யா யூதாசா உக்காரணும்? ஒம்ம மச்சானை உக்கார வையும், பொருத்தமா இருக்கும்" என்று கடைசியாகக் கேட்டுப் பார்த்த ஊர்க்காரர் இன்னாசியும் சொல்லிவிட்டார்.

பூசைக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. பந்தலுக்கு ஓலை இறக்க வந்த பால்சாமி வெளியே நின்றிருந்தார். மேற்கே ஒரு கிராமத்தில் மிளகாய்க் காட்டுக் கூலி, இந்து. யூதாசு யாரென்று அவருக்குத் தெரியாது.

"உக்காரணும், அம்புட்டுத்தானய்யா?"

"காலை நீட்டணும். சாமியார் கழுவுவாரு."

"கால்ல கட்டுப் போட்டிருக்கேனே."

"அவுத்தாப் போச்சு. வாலே."

மற்ற பதினொரு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் பூசிய கால்களோடு வந்திருந்தார்கள். சாமியார் பால்சாமியின் கந்தலை அவிழ்த்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. சாமியார் கழுவித் துடைத்து, பாதத்தை முத்தமிட்டார்.

சாமியார் அனுப்பிவைத்த இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய் என்றார்கள். இரண்டு விரல்களையும் எடுத்து, பத்து நாளில் அனுப்பிவிட்டார்கள். தினமும் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும். கறுப்பு மேலேறினால் கணுக்காலோடு எடுக்க வேண்டியிருக்கும். கால் போனால் காட்டு வேலை இல்லை. மனைவி ராக்குவின் கூலியில்தான் அப்போதே ஐந்து வயிறும் நிறைந்தது. வேலையை விட்டுவிட்டு ராக்குவால் கணவருடன் இருக்க முடியாது.

"இங்கன கொட்டகையில தங்கட்டும். கோயில்பிள்ளை கழுவுவாரு" என்றார் சாமியார்.

"எனக்கு நூறு வேலை கெடக்கு சாமி."

"உக்கார வச்சது நீங்கதானே?"

மறுநாள் முதல் விடியற்காலையில் எழுந்து, வெந்நீர் போட்டு, தரையில் முட்டி போட்டுக் கழுவினார் அருளானந்து. மனைவி தெரசாளின் பழைய சேலைகள் ஒவ்வொன்றாகக் கட்டுத்துணி ஆயின. பால்சாமி நன்றி சொல்லும் ஆள் இல்லை. தண்ணீர் சுடுகிறது என்பார். மறுநாள் ஆறிவிட்டது என்பார். மூன்றாம் வாரம் பாய்க்கடியில் கருப்பட்டி அகப்பட்டது.

"ஏலே, நான் முட்டி தேயக் கழுவுறேன், நீ கருப்பட்டியக் கடிக்கிற! அறிவிருக்கா?"

"வாய் கசக்குதுய்யா. ஒரு துண்டுதான்."

"காலை வெட்டுனா இனிக்குமாலே?"

"கோவத்துல அழுத்தாதீக, வலிக்குது."

அன்று தெரசாளிடம், "மாதாவே வந்து சொன்னாலும் நாளைக்கு நான் கழுவ மாட்டேன்" என்றார். மறுநாள் கழுவினார். முட்டி கடுத்தது. ஆண்டவருக்கும் முட்டி கடுத்திருக்குமே என்று அப்போது தோன்றியது. பன்னிரண்டு பேர், கல் தரை. யூதாசு காட்டிக்கொடுக்க எழுந்து போனது அதற்குப் பிறகுதான். அவன் காலையும்தான் கழுவியிருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த பைபிள் வாசகத்தைக் கேட்டும், நாற்காலி எண்ணிக்கையைத் தவிர வேறெதையும் அவர் யோசித்ததில்லை.

மே மாத நடுவில் ஒருநாள் புண்ணைத் துடைத்தபோது துணியில் சிவப்பாக ரத்தம் ஒட்டியது. ரத்தம் கசிந்தால் சதை உயிரோடு இருக்கிறது என்று ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லியிருந்தார். அருளானந்து காலை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஓரமெங்கும் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை. விரலால் மெல்ல அழுத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுய்யா!"

"வலிக்கட்டும், வலிக்கட்டும்" என்று சிரித்தார். பால்சாமி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அருளானந்து மறுபடியும் பார்த்தார். ஜெபம் சொல்லும்போதுகூட மணி பார்க்கும் மனிதர் அவர். அன்று காலை ஜெபத்துக்கு அடிக்கும் திருந்தாதி மணி அரை மணி நேரம் தாமதமாக அடித்தது.

"என்ன ஆச்சு கோயில்பிள்ளை?" என்றார் சாமியார்.

"மறந்துட்டேன் சாமி."

ஜூன் கடைசியில் புண் மூடியது. ராக்கு வந்து கணவரை உப்பூர் பஸ்ஸில் அழைத்துப் போனார். ஐப்பசியில் மழை விழுந்ததும் பால்சாமி மிளகாய்க் காட்டில் வேலைக்கு இறங்கினார்.