நாகேந்திரத்தின் கைத்தடிப்பு

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் குடியிருந்த நாகேந்திரத்தின் இடது முன்கையில் ஒரு தடிப்பு இருந்தது. அதில் உள்ளங்கையை வைத்தவர்களுக்கு, வைத்திருக்கும் வரை, துக்கம் தெரியாது. மகள் ஹம்சிகா டெங்குவில் இறந்துபோய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமைதான் அது வந்தது. மாரி பிஸ்கட் அளவு, செம்பு நிறம், ஓரம் மேடு. பாமசிக்காரர் எட்டிப் பார்த்துப் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார். அதைப் பூசிவிட்டபோதுதான் மனைவி பத்மாவதிக்கு விஷயம் பிடிபட்டது. பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் முழுக்கோப்பைத் தேநீர் குடித்தாள்.

மேல்மாடி மயிலம்மா வந்தார், பிறகு மாடி முழுக்க வந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் சனல் டொக்டரிடம் போல நம்பர் போட்டு இரண்டு வருடம் தொட்டார்கள். நாகேந்திரம் மட்டும் தன் கையை அதில் வைத்துப் பார்க்கவில்லை. மற்றவர்கள் இல்லாத நேரமெல்லாம் பத்மாவதியின் கை அங்கே இருந்தது. ஒரு நாள் கொதிக்கிற தேநீர்க் கேத்தல் அதில் பட்டும் அவருக்குச் சூடு தெரியவில்லை. சின்னவிரலும் மடங்கத் தொடங்கியது. பத்மாவதி பயந்து, அவரைக் கொட்டாஞ்சேனையில் தோல் டொக்டர் ஷபீகாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"சொரியாசிஸ் என்டா வெள்ளிச் செதில் உதிரும். படர்தாமரை என்டா கடிக்கும், சொறியச் சொல்லும். இது ரெண்டும் இல்ல," என்ற டொக்டர் அவரைக் கண்மூடச் சொல்லிப் பஞ்சால் தடிப்பை மூன்று தரம் தொட்டார்.

"இன்னும் தொடேல்லையோ, டொக்டர்?" என்றார் நாகேந்திரம்.

தொழுநோய் என்றார் டொக்டர். ஆறு மாதம் குளிசை போட்டால் சுகமாகும். விட்டால் விரல்கள் போய்விடும்.

"விரல்தானே, போகட்டும். இது மாறினா நீ எங்க கை வைப்பாய்?" என்று திரும்பும் பஸ்ஸில் நாகேந்திரம் கேட்டார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. வாயைத் திறவுங்கோ," என்று முதல் குளிசையைப் பத்மாவதியே போட்டாள்.

நோயின் பெயர் தெரிந்ததும் நம்பர் போட்டவர்கள் படியில் ஒதுங்கி நடந்தார்கள். குளிசை தொடங்கினால் தொற்றாது என்று டொக்டர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. தடிப்பு மங்க மங்க ஆறுதலும் குறுகியது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு ஒரு ரயில் கடக்கும் நேரம். ஏழாம் மாதம் ஒரு காலை, பத்மாவதி கை வைத்தபடியே அழுதாள். ஒரு துளி தடிப்பிருந்த இடத்தில் விழுந்தது.

"சுடுது, பத்மா," என்றார் நாகேந்திரம்.

"தெரியுதோ?"

"ஓம், தெரியுது."

மகள் போன பிறகு அவர் முதன்முதலாக அழுதது அன்றுதான். பத்மாவதி கையை எடுக்கவில்லை.